முண்ணாண் ஊறும் இல்லத்தார் துணையும்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துரைப்பர். நோயுற்றவன், அந்நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிலிருந்து துணைசெய்வோன் என்பன அவை. முதல் மூன்றின் இன்றியமையாமையை எவரும் எளிதில் உணர்வர். நான்காவதாகிய துணைவனையும் மருத்துவத்தின் ஒரு கூறாகவே எண்ணி ஏனைய மூன்றோடும் ஒப்ப வைத்தமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. காய்ச்சல் சில நாளில் தணியும். முறிந்த கையென்பு சில கிழமைகளில் பொருந்தும். அத்தகைய நோய்களில் நான்காவது கூறு சிறிதாகவே தோன்றும். முண்ணாண் ஊறுபட்டுக் கால்களோ கைகால் நான்குமோ செயலிழந்த ஒருவர்க்கோ, மருத்துவன் செய்வது சில திங்களில் பெரும்பாலும் முடிந்துவிடத் துணைவன் செய்வது வாழ்நாள் முழுதும் தொடர்கின்றது. அவ்வாறு ஊறுபட்டவர் ஒரு குடும்பத்தின் தந்தையோ தாயோ ஆயின், அதுகாறும் தன்னைத் தாங்கிய தூணைத் தானே தாங்கவேண்டிய நிலை அந்த மனைக்கு நேர்கின்றது. அந்நிலையில் இல்லத்தார் அறிய வேண்டுவன எவை, செய்யத்தக்கன எவை, தவிர்க்கத்தக்கன எவை என்பன ஈண்டு ஆராயப்படும்.

இவ்வூறு அரிதில் நிகழ்வதொன்றன்று. உலகில் 1 கோடி 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் முண்ணாண் ஊறுபட்ட நிலையில் வாழ்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. வீதி விபத்து, உயரத்திலிருந்து விழுதல், வன்செயல் ஆகியனவே அதன் தலையாய காரணங்கள். ஈழநாட்டின் வடபாலில் பனையிலும் தென்னையிலும் ஏறி வாழ்வு நடத்துவோர் தவறி விழுந்து இக்கதிக்கு உள்ளாதல் நெடுங்காலமாக நிகழ்ந்து வருவது. 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின்போது எறிகணைச் சிதறல்களாலும் துப்பாக்கிச் சூட்டினாலும் இவ்வாறு ஆயினார் பலர். அவருள் இளந்தாய்மாரும் தந்தைமாரும் இருந்தனர்.

முண்ணாணின் அமைப்பும் தொழிலும்

முண்ணாண் என்பது மூளையின் அடியிலிருந்து முள்ளந்தண்டின் உட்குழாய் வழியே கீழ்நோக்கிச் செல்லும் நரம்புத் தண்டாகும். வளர்ந்தோரிடத்து அதன் நீளம் ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர்; பருமன் சிறுவிரலின் அளவினது. முதலாம் அல்லது இரண்டாம் நாரி முள்ளென்பின் அளவில் அது முடிவுறும். அதனின்று 31 சோடி நரம்புகள் இருமருங்கும் கிளைத்துச் செல்கின்றன. கழுத்துக்குரியன 8, நெஞ்சறைக்குரியன 12, நாரிக்குரியன 5, திருவென்புக்குரியன 5, குயிலலகுக்குரியது 1 என்பது அவற்றின் வகுப்பு. மூளையின் கட்டளை தசைகளை அடைவதும், தோலும் தசையும் பெறும் உணர்வு மூளையைச் சேர்வதும் இத்தண்டின் வழியாகவே.

ஆதலின் ஊறு எவ்விடத்து நேர்ந்ததோ அவ்விடத்துக்குக் கீழ்ப்பட்ட பகுதிகளே செயலிழக்கும். நாரிப் பகுதியில் நேரின் கால்கள் தளரும். நெஞ்சறைப் பகுதியில் நேரின் உடம்பின் நடுப்பகுதியும் கால்களும் தளரினும் கைகள் வலிமையோடிருக்கும். கழுத்தில் நேரின் கைகளும் தளரும். கழுத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் நரம்புகளினின்று தோன்றும் நரம்பே மூச்சுக்குக் காரணமாகிய பிரிமென்றகட்டை இயக்குவது. அதற்கு மேலாக ஊறு நேர்ந்தால் பொறியின் துணையின்றி மூச்சுவிடுதலும் அரிதாகும்.

நடக்க இயலாமை ஒன்றே இந்நோயின் துன்பம் எனக் காண்போர் கருதுவர். உள்ளவாறு நோக்கின் அது கண்ணுக்குப் புலப்படும் ஒரு பகுதியே. சிறுநீரும் மலமும் கழிக்கும் தொழில், வெப்பமும் நோவும் உணரும் ஆற்றல், வியர்த்தல், குருதியமுக்கத்தை நிலைநிறுத்தல் ஆகியனவும் முண்ணாணைச் சார்ந்தனவே. நோயாளியின் உயிருக்கு இடர் விளைப்பன பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாத இவையேயாம்.

ஊறு முழுமையானதும் உண்டு, குறைபட்டதும் உண்டு. ஊறுபட்ட இடத்துக்குக் கீழே, திருவென்பு நரம்புகள் வரை, உணர்வோ இயக்கமோ சிறிதும் எஞ்சாதிருப்பின் அது முழுமையான ஊறு எனப்படும். சிறிதேனும் எஞ்சியிருப்பின் மீட்சிக்கு இடம் மிகுதி. ஊறு நேர்ந்தவுடன் முண்ணாண் அதிர்ச்சி என்னும் நிலை தோன்றித் தெறிவினைகள் யாவும் அடங்கிப் போதலின், முதற் சில நாட்களில் எவ்வளவு மீளும் என உறுதிபடக் கூறுதல் மருத்துவர்க்கும் இயலாது. மீட்சியின் பெரும்பகுதி முதல் ஆறு திங்களில் நிகழும். அதன்பின் ஓரிரு ஆண்டு வரை சிறிது சிறிதாகத் தொடர்தலும் உண்டு.

கைவிடப்பட்ட நோய்

எகிப்து நாட்டில் ஏறத்தாழ கி. மு. 1600 இல் எழுதப்பட்டதும், 1862 ஆம் ஆண்டில் எட்வின் சிமித் என்பார் விலைக்கு வாங்கியமையின் அவர் பெயரால் வழங்குவதுமாகிய பப்பைரசுச் சுவடியில், கழுத்தென்பு பிறழ்ந்து கைகால் உணர்விழந்தோன் ஒருவனின் நிலை கூறப்பட்டுள்ளது. அறிகுறிகளைத் தெளிவுற எழுதிய அப்பண்டை மருத்துவன், இது மருத்துவம் செய்யத்தக்க நோயன்று என முடித்துவிட்டான். அம்முடிவு மூவாயிரத்தைந்நூறு ஆண்டளவும் மாறாதிருந்தது. முதலாம் உலகப் போரில் முண்ணாண் ஊறுபட்ட வீரருள் பெரும்பாலோர் நெடுநாள் வாழவில்லை. அவர்களைக் கொன்றவை படுக்கைப் புண்ணும் சிறுநீர் வழியாகப் புகுந்த கிருமிகளுமே. இவ்விரண்டும் தடுக்கக்கூடியன என்பதே அதன்பின் எழுந்த பேருண்மை.

1936 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர வைத்தியசாலையில் டொனால்ட் மன்றோ என்னும் மருத்துவர் இந்நோயாளர்க்கெனத் தனிப்பிரிவொன்றை அமைத்தார். பின்னர், நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1939 இல் ஜேர்மனியிலிருந்து இங்கிலாந்து சேர்ந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மான், 1944 பெப்ருவரி முதலாம் நாள் ஸ்ரோக் மண்டெவில் வைத்தியசாலையில் ஒரு பிரிவைத் தொடங்கினார். நோயாளரை இரவும் பகலும் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிக் கிடத்த வேண்டும் என்பது அங்கு மீறப்படாத விதி. இரவு நேரத்திலும் தாமே சென்று அவ்விதி பேணப்படுகின்றதா எனப் பார்த்தல் அவர் வழக்கம். படுக்கையில் இறப்பை எதிர்நோக்கிக் கிடந்தோரை எழுப்பி இருத்தித் தொழில் பயிற்றினார், விளையாட்டும் பயிற்றினார். 1948 யூலை 29 ஆம் நாள் இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அன்றே, அவ்வைத்தியசாலை முற்றத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்த பதினறுவர் வில்வித்தைப் போட்டியில் கலந்து கொண்டனர். 1960 இல் உரோமாபுரியில் 23 நாடுகளைச் சேர்ந்த 400 வீரர் கூடிய விழாவாக அது வளர்ந்தது. இன்று பராலிம்பிக் எனப்படுவது இதுவே.

இவ்வரலாற்றில் இல்லத்தார் உளங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. புரட்டிக் கிடத்தலும், தூய்மை பேணலும், எழுந்திருக்க ஊக்குதலும் இந்நோயாளரின் வாழ்நாளைப் பன்மடங்கு நீட்டின. புதிய மருந்துகளின் உதவியும் அவற்றோடு சேர்ந்தது. அம்மருந்துகளை வைத்தியசாலை தரும். முன்னர்க் கூறிய மூன்றையும் அங்கிருந்து வீடு திரும்பிய பின் தரத்தக்கவர் வீட்டாரே.

இல்லத்தார் கற்கவேண்டுவன

வீழ்ந்த இடத்திலேயே துணைவன் பணி தொடங்குகின்றது. மரத்திலிருந்து விழுந்தவரைக் கண்டதும் ஓடிச்சென்று இருவர் கையும் காலும் பிடித்துத் தூக்குவதும், எழுப்பி இருத்தித் தண்ணீர் பருக்குவதும் ஊர்களில் இயல்பாக நிகழ்வன. அன்பினாற் செய்யும் அச்செயலே குறைபட்ட ஊறு முழுமையான ஊறாக மாறக் காரணமாதல் கூடும். தலை, கழுத்து, உடல் ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்குமாறு பலர் ஒருங்கு சேர்ந்து தூக்கி, மட்டமான பலகையில் அசையாது கிடத்திக் கொண்டு செல்வதே முறை.

வீடு திரும்பிய பின் முதற்கண் பேணற்பாலது தோல். உணர்வற்ற உடம்பு நோவெடுத்துத் தானே புரளாது. ஆதலின் உடற்பாரம் ஓரிடத்தையே அழுத்த, குருதி ஓடாது அவ்விடத்துத் தசை அழியும். குதிக்கால், இடுப்பின் பின்புறம், இடுப்பின் இருமருங்கு, இருக்கையிற் படும் என்பின் முனை ஆகியன புண் தோன்றுமிடங்கள். இரண்டு மணிக்கொருமுறை புரட்டலும், நாற்காலியில் இருக்குங்கால் அடிக்கடி உடலை உயர்த்தியோ சாய்த்தோ பாரத்தை மாற்றலும், நாள்தோறும் இருமுறை தோலை உற்றுப் பார்த்தலும் வேண்டும். சிவந்த இடம் விரலால் அழுத்தியபோது வெளிறாதிருப்பின் அதுவே புண்ணின் தொடக்கம். அவ்விடத்தில் மீண்டும் பாரம் படவிடலாகாது. அதனை எண்ணெய் பூசி அழுத்தித் தேய்த்தல் தீங்கு. தவிட்டு ஒத்தணம், வெந்நீர்ப் போத்தல் ஆகிய வீட்டு மருத்துவமும் உணர்வற்ற தோலிற் கேடு விளைக்கும். சூடு மிகுந்ததென்று சொல்ல நோயாளியால் இயலாது. கொப்புளம் எழுந்த பின்னரே பிறர் காண்பர்.

இரண்டாவது சிறுநீர். சிறுநீர்ப்பை தானே வெறுமையாகாவிடின் சிறுநீர் தேங்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நான்கு முதல் ஆறு மணிக்கொருமுறை மெல்லிய வடிகுழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றிக் குழாயை உடனே எடுத்துவிடுதல் பலருக்கு ஏற்ற முறையாகும். சத்திரசிகிச்சைக் கூடத்தின் கிருமியகற்றிய நிலை இதற்கு வேண்டியதில்லை, கைகழுவிய தூய்மையே போதும் என்பதை ஜக் லபிடெஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் 1972 இல் எடுத்துக் காட்டினார். அதனால் இப்பணி நோயாளி தாமே வீட்டிற் செய்துகொள்ளத்தக்கதாயிற்று. பிறர்க்குத் தொல்லையாகுமென்று அஞ்சி நீர் அருந்துதலைக் குறைப்போர் உளர். அது நோயை விளைக்கும். மலங்கழித்தற்கும் நாள்தோறும் ஒரே நேரத்தை வகுத்து, நார்ப்பொருள் மிக்க உணவோடு அதனைப் பழக்கமாக்குதல் வேண்டும்.

மூன்றாவது மூட்டுகள். இயங்காத மூட்டு இறுகிப் போதலின், இயன்மருத்துவர் காட்டியவாறு ஒவ்வொரு மூட்டையும் நாள்தோறும் மெல்ல அசைத்தல் வேண்டும். ஈண்டும் அன்பு அறிவோடு கூடாவிடின் தீங்காகும். ஆறாம் கழுத்து நரம்பு வரை எஞ்சியோர்க்கு விரல்களை மடக்கும் வலி இல்லை. ஆயினும் மணிக்கட்டைப் பின்னோக்கி வளைத்தால் விரற்றசை நார்கள் இழுபட்டு விரல்கள் தாமே மடியும். அம்மடிப்பைக் கொண்டு கரண்டியும் கிண்ணமும் பற்றப் பழகலாம். இதனை அறியாத வீட்டார் மணிக்கட்டையும் விரல்களையும் ஒருங்கே நிமிர்த்தி நாள்தோறும் இழுத்துவரின், அந்நார்கள் தளர்ந்து எஞ்சிய பற்றும் போய்விடும்.

நான்காவது, உடன் அறியவேண்டிய ஓர் இடர். ஆறாம் நெஞ்சறை முள்ளென்பின் அளவிலோ அதற்கு மேலோ ஊறுபட்டோர்க்கு, சிறுநீர்ப்பை நிரம்பல், குழாய் மடிதல், மலச்சிக்கல், இறுகிய உடை முதலிய சிறு காரணங்களாலும் குருதியமுக்கம் திடீரெனப் பேரளவில் உயர்தல் உண்டு. கடுந்தலைவலி, முகஞ்சிவத்தல், ஊறுக்கு மேற்பட்ட பகுதி வியர்த்தல் என்பன அதன் குறிகள். தலைவலியெனக் கருதிப் படுக்கவிடுதல் பெருந்தவறு. உடனே நிமிர்த்தி இருத்தி, உடையைத் தளர்த்தி, குழாயையும் சிறுநீர்ப்பையையும் பார்த்தல் வேண்டும். காரணம் புலப்பட்டு நீங்காவிடின் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

இவற்றோடு வீட்டையும் மாற்றியமைத்தல் இன்றியமையாதது. விறாந்தைப் படிக்குப் பதிலாகச் சாய்தளம் அமைக்குங்கால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். அதனினும் செங்குத்தாயின் நாற்காலியைத் தாமே செலுத்துதல் அரிது. யாழ்ப்பாணத்து வளவுகளிற் சக்கரம் மணலிற் புதைதலின், வீட்டிலிருந்து கிணற்றடிக்கும் மலகூடத்துக்கும் படலைக்கும் சீமெந்துப் பாதை இடுதல் நன்று. படலைவரை தாமே சென்று வீதியைப் பார்க்கும் ஒருவருக்கும், எவரேனும் தூக்கிச் செல்லும்வரை அறையிற் கிடக்கும் ஒருவருக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

தந்தை தந்தையாதல்

உடலைப் பேணுதலினும் அரியது ஒன்றுண்டு. நேற்றுவரை வீட்டின் வரவுசெலவை வகுத்தவரும், பிள்ளைகளின் படிப்பையும் மணத்தையும் முடிவுசெய்தவரும் இன்று பிறர் ஊட்ட உண்கின்றார். அந்நிலையில் வீட்டார் தம்மையறியாமலே அவரைக் குழந்தையாக்கி விடுகின்றனர். அவர் முன்னிலையிலேயே அவர் சாப்பிட்டாரா என்று பிறரை வினவுகின்றனர்; அவர் கவலைப்படுவாரென்று கடனை மறைக்கின்றனர்; சட்டைப் பொத்தானைப் பூட்ட அவருக்கு இருபது நிமிடம் செல்லுமெனப் பொறாது ஒரு நிமிடத்திற் பூட்டி விடுகின்றனர். ஒவ்வொன்றும் அன்பினாற் செய்வதே. ஆயினும் இவையெல்லாம் சேர்ந்து, தாம் இனி வேண்டப்படாதவர் என்னும் எண்ணத்தை அவர் உள்ளத்தில் ஊன்றி விடுகின்றன. இந்நோயாளரைப் பற்றும் மனச்சோர்வுக்கு உடலிழப்பு மாத்திரம் காரணமன்று, இடமிழப்பும் காரணமாம்.

இதற்கு மாறாக நடந்து காட்டிய குடும்பமொன்று அமெரிக்காவில் இருந்தது. திரைப்பட நடிகர் கிறிஸ்தோபர் றீவ் 1995 மே 27 ஆம் நாள் வேர்ஜீனியா மாநிலத்தில் குதிரைப் போட்டியொன்றில் விழுந்து, முதலிரு கழுத்து முள்ளென்புகள் முறிந்து, கைகால் நான்கும் மூச்சும் இழந்தார். அப்போது அவர்தம் இளைய மகனுக்கு மூன்று வயதும் நிரம்பவில்லை. முன்னைய உறவிற் பிறந்த மைந்தனும் மகளும் பள்ளிப் பருவத்தினர். நினைவு தெளிந்ததும் வாழ்வை முடித்துக்கொள்ளலாமோ என்னும் எண்ணமே அவர்க்கு எழுந்தது. அவர் மனைவி டேனா, முடிவு அவருடையதே எனவும், ஆயினும் தாம் என்றும் உடனிருப்பதாகவும், அவர் இன்னும் அவரே எனவும் கூறினார். 1998 இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்று நூலின் பெயரும் ‘இன்னும் நானே’ என்னும் பொருள்பட அமைந்தது.

1995 டிசம்பரில் வீடு திரும்பிய அவர், பொறியின் துணையால் மூச்சுவிட்டுக்கொண்டே 1997 இல் தொலைக்காட்சிப் படமொன்றை நெறிப்படுத்தினார். இளைய மகனுக்குச் சைக்கிள் ஓட்டப் பயிற்றியவரும் அவரே. பின்னின்று பிடிக்கக் கையில்லை; உடன் ஓடக் காலில்லை. பார்வை எங்கே இருக்கவேண்டும், கைபிடியை எவ்வாறு பற்றவேண்டும் என்று சொல்லாலேயே கற்பித்தார். மகனும் கற்றான். கற்பித்தல் என்னும் தந்தையின் தொழிலை அவரிடமிருந்து எவரும் பறித்துக்கொள்ளவில்லை என்பதே அந்நிகழ்ச்சியின் பொருள்.

றீவ் செல்வர்; இரவும் பகலும் தாதியரை அமர்த்தும் வசதி பெற்றவர். அவ்வசதி எல்லார்க்கும் வாயாது என்பது உண்மையே. ஆயினும் மேற்கூறிய சொல்லும் அச்சைக்கிட் பாடமும் பொருள் கொடுத்து வாங்கப்பட்டவையல்ல. மற்றொன்றும் அவர் வாழ்வு உணர்த்துவது. அத்துணைப் பேணுதல் இருந்தும் 2004 ஒக்டோபர் 10 ஆம் நாள், தமது 52 ஆவது வயதில், படுக்கைப் புண்ணிற் கிருமி பற்றியதற்கு மருத்துவம் பெற்றுக்கொண்டிருந்த வேளையில் இதயம் நின்று அவர் இறந்தார். தோலைப் பேணும் பணியில் விடுமுறை இல்லை என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

நம்பிக்கையும் மயக்கமும்

எந்தக் குடும்பமும் முதலிற் கேட்கும் வினா, மீண்டும் நடப்பாரா என்பதே. அவ்வினாவுக்கு விடைகூறுங்கால் நம்பிக்கையை அறுத்தலும் தவறு. பொய்யால் வளர்த்தலும் தவறு. றீவ் ஊறுபட்டு ஐந்தாண்டளவில் இடக்கைச் சுட்டுவிரலைத் தம் விருப்பப்படி அசைக்கும் ஆற்றல் பெற்றார். இடையறாத பயிற்சியின்பின் நிகழ்ந்த அச்சிறு மீட்சி 2002 இல் மருத்துவ ஏட்டிலும் வெளிவந்தது. 2011 முதல் வெளிவந்த ஆய்வுகளில், முண்ணாணின் மேலுறையில் மின்முனைகளைப் பொருத்தி நெடும்பயிற்சி அளித்தபோது, செயலிழந்த சிலர் கால்களை விருப்பப்படி அசைத்தமையும், துணையோடு சில அடி வைத்தமையும் கூறப்பட்டுள்ளன. இவை அறிவியலின் உண்மையான முன்னேற்றங்கள். ஆயினும் அறுபட்ட முண்ணாணை முழுதும் பொருத்தி முன்போல் ஆக்கும் மருத்துவம் இன்றும் இல்லை. அத்தகையது உண்டென விளம்பரஞ் செய்து பெரும்பொருள் கேட்போரை நம்பி, காணியை ஈடுவைத்துக் கடனாளியாகும் குடும்பம் இருமுறை வீழ்கின்றது.

மற்றொரு மயக்கமும் உண்டு. சில கிழமை சென்றபின் செயலிழந்த கால் தானே துடிப்பதையும் மடிவதையும் கண்டு, கால் திரும்பிவிட்டதென வீட்டார் மகிழ்வர். முண்ணாண் அதிர்ச்சி நீங்கிய பின் மூளையின் கட்டுப்பாடின்றி எழும் தெறிவினையே அது. நோயாளி எண்ணியபோது அசைவதும், எண்ணாதபோது அசைவதும் வேறு. இவ்வேறுபாட்டை முன்னரே விளக்கிவிட்டால் பின்னர் வரும் ஏமாற்றம் குறையும்.

நம்பிக்கைக்கு ஏற்ற பொருள்கள் வேறுள. படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தாமே மாறுதல், தாமே உண்ணல், தொழிலொன்றுக்குத் திரும்பல், மகளின் பரிசளிப்பு விழாவுக்குச் செல்லல் என்பன அவை. இவ்விலக்குகளை ஒவ்வொன்றாக வகுத்து அடையப் பழக்குவதே புனர்வாழ்வு மருத்துவத்தின் நோக்கம்; இலங்கையில் இராகமைப் புனர்வாழ்வு வைத்தியசாலை அத்தகைய பணியை ஆற்றுகின்றது. வலதுகுறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், அவர்களை வேலைவாய்ப்பிலும் கல்வியிலும் பாகுபடுத்தலாகாது என விதித்துள்ளது. பொதுக் கட்டடங்களை அவர் அணுகத்தக்கனவாக அமைக்க வேண்டுமென்னும் ஒழுங்குவிதிகள் 2006 இல் பிறப்பிக்கப்பட்டன. விதி எழுத்தில் இருப்பினும், அலுவலகத்தின் வாயிலிற் படியே இருக்குமாயின், வீட்டில் இல்லத்தார் பட்ட பாடு அவ்வாயிலிலேயே வீணாகும்.

துணைவர்க்குத் துணை

துணைசெய்வோனும் மனிதனே. இரவில் இரண்டு மணிக்கொருமுறை எழும் மனைவி ஓராண்டின்பின் தானும் நோயாளியாவாள். நோயாளியைத் தூக்கித் தூக்கி அவள் முதுகும் கெடும். தன் களைப்பைச் சொல்லவும் அவள் நாணுவாள். சொன்னால் அன்பில்லாதவள் என ஊர் கூறுமோ என அஞ்சுவாள். ஆதலின் பணியைப் பகிர்தல் குடும்பம் முதலிற் செய்யவேண்டிய ஏற்பாடாகும். யார் எந்நேரத்துக்குரியர் என்பதை எழுதி வைத்தலும், கிழமைக்கு ஒருநாளேனும் அவளை முற்றாக விடுவித்தலும் வேண்டும். நோயாளி தாமே செய்யக்கூடியதை அவரே செய்யவிடுதல் அவருக்கு மதிப்பையும் அவளுக்கு ஓய்வையும் ஒருங்கே தரும். உற்றார் வந்து அழுதுவிட்டுப் போதலினும், ஓரிரவு தங்கிப் புரட்டிவிட்டுப் போதல் மேலானது.

இவ்வாறு பகிருங்கால் ஒரு பெருந்தவறு நிகழ்தல் கூடும். சுமை பெரும்பாலும் மூத்த மகளின் மேல் விழுகின்றது. முதலில் அவள் காலையிற் பிந்தி வருகின்றாள். பின்னர் கிழமைக்கு இருநாள் வராதொழிகின்றாள். ஒருநாள் இடாப்பிலிருந்து அவள் பெயர் நீங்குகின்றது. வீட்டில் எவரும் அவளைப் படிக்கவேண்டாமெனச் சொல்லியிருக்க மாட்டார். சொல்லாமலே நிகழ்ந்துவிடும் இழப்பு அது. படுக்கையிற் கிடக்கும் தந்தைக்கோ தாய்க்கோ தம் உடலிழப்பினும் அது கொடிதாகும். தம்மால் பிள்ளை கெட்டதென்னும் எண்ணத்துக்கு மருந்தில்லை.

இவ்விடத்தில் துணைநிற்கும் கடமை வீட்டைக் கடந்து கல்விச்சாலைக்கும் உரியதாகின்றது. பிந்தி வரும் பிள்ளையைத் தண்டிக்குமுன் காரணம் வினவும் ஆசிரியரும், தவறிய பாடக் குறிப்பை மாலையில் வீட்டிற்குக் கொண்டுசெல்லும் தோழரும், ஒரு சாய்தளத்துக்குச் சீமெந்து வாங்கிக் கொடுக்கும் பழைய மாணவரும் மருத்துவத்தின் நான்காம் கூறிற் சேர்ந்தவரே. அத்தோழன் அவ்வீட்டுக்குட் புகுங்கால் நோயாளியிருக்கும் அறையைத் தலைகுனிந்து கடந்து போகாது, அவர்முன் அமர்ந்து ஒரு கணக்கையோ ஒரு பாட்டையோ விளக்கித் தருமாறு கேட்பானாயின், தாம் கொண்டு சென்றதினும் பெரியதோர் உதவியை அங்கு வைத்துவிட்டு மீள்வான்.